ஃபார்மா ஸ்பெசியாலிஸ்: ‘சிறப்பு வடிவம்’ வேண்டாம், ‘பற்றினம்’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த இழையில் நேற்று இரவு வரை வந்த மடல்களைப் படித்துவிட்டேன். ஒரே பூஞ்சைச் சிற்றினத்துக்குள், எந்தப் பயிரைத் தாக்குகிறது என்பதை வைத்துப் பிரிக்கும் பிரிவுக்கு ஃபார்மா ஸ்பெசியாலிஸ் என்று பெயர். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு ‘சிறப்பு வடிவம்’ என்ற சொல்லைப் பலரும் ஏற்றுக்கொண்டது போலத் தெரிகிறது. அது பட்டியலில் ஏறுவதற்குள் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன்.

> லத்தீனில் ஃபார்மா என்றால் வடிவம், ஸ்பெசியாலிஸ் என்றால் சிறப்பானது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. இந்தப் பூஞ்சைகளுக்குள் வேறுபடாத ஒன்று உண்டென்றால் அது வடிவம்தான்.

வாடல் நோய் தரும் பூஞ்சையான பியுசேரியம் ஆக்ஸிஸ்போரத்தையே எடுத்துக்கொள்வோம். வாழையை வாட்டுவது, தக்காளியை வாட்டுவது, பருத்தியை வாட்டுவது, கொண்டைக்கடலையை வாட்டுவது என்று அதற்குள் 100க்கு மேற்பட்ட பிரிவுகளைச் சொல்கிறார்கள். நுண்ணோக்கியில் வைத்தால் எல்லாம் ஒரே முகம். அரிவாள் போல வளைந்த பெரிய கொனிடியா, முட்டை வடிவில் சின்னக் கொனிடியா, தடித்த சுவருள்ள கிளாமிடோஸ்போர்கள் என்று வித்துகள் எல்லாம் ஒன்றுபோல.

எனக்கு மாதவரத்தில் வீடு. கொல்லையில் ரஸ்தாளி வைத்திருந்தேன். போன வருடம் அதன் அடி இலைகள் மஞ்சளாகி, காம்பு மடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டியது போலத் தொங்கின. தண்டின் அடியில் நீளவாக்கில் வெடிப்பு. தோண்டி எடுத்துக் கிழங்கைக் குறுக்கே வெட்டினேன். வெள்ளைச் சதையில் செம்பழுப்புப் புள்ளிகள் வட்டமாகச் சூழ்ந்திருந்தன. இரண்டு முழம் தள்ளி நின்ற பூவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் நிழலில் இருந்த தக்காளிச் செடி காய்த்துக்கொண்டே இருந்தது. தெரிந்த நர்சரிக்காரர் ஒருவரிடம் கிழங்கைக் காட்டினேன். பார்த்த உடனே சொன்னார்: “இது வாழையைப் பிடிக்கிற வாடல் சார், தக்காளிய ஒண்ணும் பண்ணாது.”

அந்தக் கிழங்கிலிருந்து பூஞ்சையைப் பிரித்து, நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் தட்டில் வளர்த்தேன். அங்கே ஏற்கெனவே தக்காளி வாடல் பூஞ்சை ஒன்றும் இருந்தது. குளிர்பெட்டி ஈரத்தில் இரண்டு தட்டுகளின் மார்க்கர் எழுத்தும் அழிந்துபோயிற்று. மேலே பஞ்சு போல வெண்மை, அடியில் இலேசான ஊதா, இரண்டும் அப்படியே. மாணவர்கள் சாயம் போட்டு மணிக்கணக்கில் பார்த்தும் பிரிக்க முடியவில்லை. கடைசியில் தக்காளி நாற்றுகளைப் பிடுங்கி, வேரைக் கழுவி, பாதியை ஒரு தட்டின் பூஞ்சை கலந்த நீரிலும் மீதியை இன்னொரு தட்டினதிலும் நனைத்து, பேப்பர் கப்பில் நட்டு வைத்தோம். மூன்று வாரத்தில் ஒரு வரிசை வாடியது, மற்றது நிமிர்ந்து நின்றது. அப்புறம்தான் எது எது என்று எழுத முடிந்தது. இந்தப் பாடத்தை நடத்திவிட்டு, கரும்பலகையில் ‘சிறப்பு வடிவம்’ என்று என்னால் எழுத முடியாது. எந்தப் பிள்ளையும் உடனே கேட்கும்: என்ன வடிவம்?

இந்தச் சொல் பிறந்ததும் இதே மாதிரிச் சிக்கலில்தான். 1894இல் சுவீடனில் யாக்கோப் எரிக்சன், தானியப் பயிர்களைத் தாக்கும் துரு நோய்ப் பூஞ்சையான பக்சீனியா கிராமினிஸில் கோதுமைக்கு, ஓட்ஸுக்கு, ரை தானியத்துக்கு என்று தனித்தனியாக இருப்பதைப் பிரித்துக் காட்டினார். வாழைப் பூஞ்சையை எர்வின் ஸ்மித் 1910இல் பியுசேரியம் கியூபென்ஸ் என்று தனிச் சிற்றினமாகவே பெயரிட்டார். 1940இல் ஸ்னைடரும் ஹான்சனும் இப்படிப்பட்ட பலவற்றை ஆக்ஸிஸ்போரம் என்ற ஒரே சிற்றினத்துக்குள் கொண்டுவந்து, பழைய சிற்றினப் பெயர்களை ஃபார்மா ஸ்பெசியாலிஸ்களாக இறக்கினார்கள்.

ஆகவே சொல்லில் இருக்க வேண்டியது, எதைப் பற்றுகிறது என்பது. நர்சரிக்காரர் சொன்ன ‘பிடிக்கிற’தான் அதற்கு வேர். தீ பற்றுகிறது, நோய் பற்றுகிறது, கொடி பற்றுகிறது. பாசத்துக்கும் பற்று என்றுதான் பெயர். பேரினம், சிற்றினம் என்ற பள்ளிப் பாடச் சொற்களோடு சேர்ந்து நிற்கும்படி ‘பற்றினம்’ என்று வைக்கலாம். வாழைப் பற்றினம், பருத்திப் பற்றினம், கோதுமைப் பற்றினம். ஒட்டிச் சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடுக்காது.

பழைய நடையில் ‘பற்றினம்’ என்றால் ‘பற்றினோம்’ என்று பொருள் என ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் முன்னால் பயிர்ப் பெயர் வரும்போது யாரும் மயங்க மாட்டார்கள்.

கனமான மறுப்பு, இந்த இழையில் அம்மையார் ஒருவர் எழுப்பியது:

> ‘இனம்’ என்று முடித்தால் அதை வகைப்பாட்டுப் படிநிலை என்று நினைத்துவிடுவார்களே?

இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பூஞ்சைகளுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதித்தொகுப்பு ஃபார்மா ஸ்பெசியாலிஸைத் தன் ஆளுகைக்குள் வைத்துக்கொள்ளவில்லை. சிற்றினம் என்றால் மூல மாதிரி ஒன்றைப் பாதுகாத்துக் காட்ட வேண்டும், விளக்கத்தை முறைப்படி வெளியிட வேண்டும்; இதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் ‘பற்றுவகை’ என்று மாற்றிப் பார்த்தேன். ஆனால் ‘வகை’ நம் பட்டியலில் ஏற்கெனவே சிற்றினத்துக்குக் கீழே வரும் வெரைட்டிக்குப் போய்விட்டது, அதுவோ விதித்தொகுப்புக்கு உட்பட்ட படிநிலை. குழப்பம் கூடத்தான் செய்யும். பட்டியலில் ‘விதித்தொகுப்புக்கு உட்படாதது’ என்ற குறிப்போடு பற்றினத்தையே வைப்பது மேல்.

இன்னொன்று. தக்காளியை இரண்டு பற்றுகின்றன. லைக்கோபெர்சிசி என்ற பிரிவு செடியை வாட்டுகிறது. ரேடிசிஸ்-லைக்கோபெர்சிசி என்ற பிரிவு வேரையும் தண்டின் அடியையும் அழுகச் செய்கிறது. முதலாவது தக்காளிப் பற்றினம், இரண்டாவது தக்காளி வேர்ப் பற்றினம். லத்தீனிலும் ரேடிசிஸ் என்றால் வேரினுடைய என்றுதான் பொருள். பருத்திப் பூஞ்சையின் வாசின்ஃபெக்டம் என்ற பெயரில் பருத்தியே இல்லை, நாளங்களைத் தாக்குவது என்றுதான் இருக்கிறது. அங்கே தமிழ்ப் பெயர் லத்தீனைவிடத் தெளிவாகவே அமைகிறது.

ரேஸ் என்பதற்கும் ‘இனம்’ என்றே சிலர் எழுதுகிறார்கள். வாழைப் பற்றினத்துக்குள் ரேஸ் 1, ரேஸ் 4 என்று எண்ணிட்டுப் பிரிப்பது வாழை ரகங்களைப் பொறுத்தது. ரேஸ் 1 கிராஸ் மிஷேல் என்ற ரகத்தை அழித்தது, கேவண்டிஷ் என்ற ரகம் அதற்குத் தாங்கியது, வெப்பமண்டல ரேஸ் 4 கேவண்டிஷையும் விடவில்லை. இதற்கு நல்ல சொல் கிடைக்கும் வரை ‘ரேஸ்’ அப்படியே இருக்கட்டும். பட்டியலில் இப்படி ஏற்றக் கேட்டுக்கொள்கிறேன்:

பியுசேரியம் ஆக்ஸிஸ்போரம், வாழைப் பற்றினம், ரேஸ் 1.

அன்புடன்,
மாதவரத்திலிருந்து