மார்ச்சில் மணி மாறும் வாரம்: கண்டதைச் சொல்லுங்கள்

டொராண்டோ, உறக்கப் பரிசோதனைப் பிரிவு:
இங்கே கோடைகால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைப்பதால், மார்ச் இரண்டாம் ஞாயிறு விடிகாலை 2 மணி நேரே 3 ஆகிறது. ஒரு மணி நேரத் தூக்கம் குறைவது மட்டும்தான் என்றால் மதியம் கண் அயர்ந்தே ஈடுகட்டிவிடலாம். ஆனால் பெரும்பாலானோரின் உடல் கடிகாரம் ஒரு சுற்றுக்கு 24 மணியைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக எடுக்கும். அதனால் பிந்தித் தூங்குவது எளிது, முந்தித் தூங்குவது கடினம். உடல் கடிகாரத்தை முன்னுக்கு இழுப்பது காலை வெளிச்சம். மணி மாறியதும் நாம் எழும் நேரம் மறுபடி இருட்டாகி, மாலை வெளிச்சம் நீள்கிறது.

மணி மாறும் ஞாயிறுக்கு முந்திய புதன் தொடங்கி நான்கு இரவுகள், தினம் 15 நிமிடம் முந்திப் படுங்கள். எழுவதையும் இரவுச் சாப்பாட்டையும் அதே அளவு முன்னே நகர்த்துங்கள். பலர் படுக்கும் நேரத்தை மட்டும் மாற்றிவிட்டுச் சனிக்கிழமை காலை நன்றாகத் தூங்குகிறார்கள். மூன்று நாள் முயற்சியும் அதில் போய்விடும். எழுந்ததும் அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். மேகம் மூடியிருந்தாலும் அறை விளக்கைவிட வெளிச்சம் அதிகம்.

மிசிசாகா, நீரிழிவுப் பிரிவுத் தாதி:
அண்ணா சொன்னதோடு இதையும் சேர்க்க வேண்டும். இன்சுலின் பம்ப் பலவற்றில் மணி தானாக மாறாது. போனில் மாறியதைப் பார்த்துப் பம்பிலும் மாறியிருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். பேசல் அளவு (நாள் முழுதும் மெல்ல ஓடும் அடிப்படை இன்சுலின்) விடிகாலை 4 மணிக்குக் கூடும்படி வைத்திருந்தால், இப்போது அது 5 மணிக்குத்தான் கூடும்.

அதைவிட ஆபத்து, கையால் மாற்றும்போது ஏஎம், பிஎம் மாறிப்போவது. இரவுக்கான அளவு பகலில் ஓடும், பகலுக்கானது தூக்கத்தில் ஓடும். சர்க்கரை தாழ்ந்துபோகும் வழி இது. மணியை மாற்றியபின் தேதியையும் பாருங்கள். சர்க்கரை பார்க்கும் மீட்டரையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் மருத்துவர் பார்க்கும் பதிவு ஒரு மணி தள்ளி நிற்கும்.

வலிப்பு, பார்க்கின்சன் (நடுக்குவாதம்) மாத்திரைகளின் நேரத்தை எப்படி நகர்த்துவது என்று மருந்தாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி பின்னே போவதால், விடிகாலை 1 முதல் 2 வரையான மணி இரண்டு முறை வரும். வார்டில் "1:30க்குக் கொடுத்தது" என்று மட்டும் எழுதினால் எந்த 1:30 என்று தெரியாது. முதல், இரண்டாம் என்று குறித்தே ஆக வேண்டும். 12 மணி இரவுப்பணி அன்று 13 ஆகிறது. அந்தக் கடைசி மணியில் மருந்தளவை இருவர் சரிபார்ப்பது நல்லது.

லண்டன், இதயப் பிரிவு:
இங்கே மணி மாறுவது மார்ச் கடைசி ஞாயிறு. 2008இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், வசந்த மாற்றத்துக்குப் பிந்திய வாரம் மாரடைப்பு சுமார் 5% கூடியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வில் திங்கள் மட்டும் 24% கூடியது, ஆனால் வார மொத்தம் மாறவில்லை. வரவிருந்த மாரடைப்பு முந்தி வந்தது என்றே நான் இதைப் படிக்கிறேன். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் அந்தத் திங்களில் கனமான வேலையைத் தள்ளிப்போடலாம். மாத்திரையைத் தவற விடவே கூடாது. நெஞ்சு இறுகினால் "தூக்கம் போதவில்லை" என்று பொறுத்திருக்காமல் 999ஐ அழையுங்கள்.

டொராண்டோ, உறக்கப் பரிசோதனைப் பிரிவு:
வண்டி ஓட்டுபவர்களுக்கும் ஒன்று. அமெரிக்காவில் 1996 முதல் 2017 வரையான பதிவுகளில், மார்ச்சில் மணி மாறியபின் வரும் வாரம் உயிர்ப்பலி விபத்துகள் சுமார் 6% கூடின. நீண்ட பயணத்தை அடுத்த வாரத்துக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாதவர்கள் கொட்டாவி தொடங்கியதுமே ஓரம் கட்டி 20 நிமிடம் தூங்குங்கள். கண்ணாடியை இறக்கிவிடுவதும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதும் உதவாது.