ரெண்டு வருஷ வேலை, தூர ஊர்: பி.எச்.டி. முடிச்சுப் போனவங்களும் போகாதவங்களும் நடந்ததைச் சொல்லுங்க

சேலம்: நானே ஆரம்பிக்கிறேன்.

2022 நவம்பர்ல கிளம்புனேன். எனக்கு 33 வயசு, பாப்பாவுக்கு அஞ்சு. பாலிமர் வேதியியல்ல பட்டம் வாங்கி நாலு மாசம்தான் ஆகியிருந்துச்சு. பி.எச்.டி.க்கு அப்புறம் செய்யற ஆராய்ச்சிக்குத் தர்ற தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகை கெடச்சுது. மாசம் 55,000, வீட்டு வாடகைப்படி தனி, ரெண்டு வருஷம். வாழ்க்கையில ஒரு தடவைதான் தருவாங்க. இடம் மட்டும் குவாஹாத்தி, பிரம்மபுத்திராவுக்கு வடகரையில இருக்கற ஐ.ஐ.டி. நம்ம ஊர் வழியாவே கன்னியாகுமரி - திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ் போகுது, ஏறி உக்காந்தா போதும்னு ஆறுதல் சொன்னாங்க. உக்காந்து பாருங்க, தெரியும்.

வீட்டுக்காரர் வேண்டாம்னு சொல்லல. "வயசு வரம்பு 35, பொண்ணுங்களுக்கு இன்னும் அஞ்சு வருஷம் தளர்வு இருக்கே. பாப்பா கொஞ்சம் பெருசானதும் போயேன்"னார். கணக்கு சரிதான். ஆனா மூணு வருஷம் ஒரு ஆராய்ச்சிப் பேப்பரும் போடாம விண்ணப்பிச்சா எந்தப் பேராசிரியர் என்னைச் சேர்த்துக்குவார்? ஒரு வாரம் இதையே பேசுனோம். பணம், டிக்கெட், வயசு, பேப்பர் எல்லாம் பேசி முடிச்சு, அத்தைகிட்ட போய்ச் சொன்னேன்.

"சரி சாமி, போய்ட்டு வா. காலையில புள்ளைக்குத் தலை பின்றது யாரு?"ன்னு கேட்டாங்க.

அத்தைக்கு வலது கை தோளுக்கு மேல தூக்க வராது. அந்த ஒரு வாரப் பேச்சுல தலை பின்றது வரவே இல்ல. பள்ளிக்கூட டைரியில கையெழுத்து, ராத்திரி காய்ச்சல் வந்தா எந்த மருந்து எத்தனை மில்லி, எதுவும் வரல. அவர் யூடியூப் பார்த்துப் பின்னல் பழகுனார். ஒரு மாசம் பாப்பா கோணல் சடையோட போச்சு. அப்புறம் பாப் வெட்டி விட்டுட்டாங்க. எனக்கு போட்டோதான் வந்துச்சு.

அங்க டிசம்பர்ல நாலரைக்கே சூரியன் விழுந்துரும். நான் அஞ்சு மணிக்கு வீடியோ கால் போட்டா என் ஜன்னல் கும்மிருட்டு, சேலத்துல பாப்பா வெயில்ல சைக்கிள் ஓட்டிட்டு இருக்கும். "அம்மா, அதுக்குள்ள ராத்திரி ஆக்கிட்டியா? என்கூடப் பேசாமத் தூங்கப் போறியா?"ன்னுச்சு. பூமி உருண்டைன்னு விளக்கப் பார்த்தேன். அஞ்சு வயசுக்கு எந்த உருண்டை புரியும்!

ஒரு லீவுக்கு வந்தப்போ தீப்பெட்டியைத் தொறந்து காட்டுச்சு. உள்ள பஞ்சு, பஞ்சுமேல மொத விழுந்த பல்லு. நான் வந்தாத்தான் கூரைமேல போடுவேன்னு மூணு வாரமா வெச்சிருந்துச்சாம். எங்களது மொட்டைமாடி வீடு. தண்ணித் தொட்டி மேல போட்டோம்.

முழுசா முடிச்சுட்டுத்தான் வந்தேன். ரெண்டு பேப்பர் வந்துச்சு. நிரந்தர வேலை இன்னும் இல்ல, தனியார் கல்லூரியில இருக்கேன். போனது தப்புன்னு எனக்குத் தோணல. "ரெண்டே வருஷம்தான்"னு சொல்லிட்டுப் போனதுதான் தப்பு. அவருக்கு அது 730 காலை.

தூத்துக்குடி: நான் போகாதவன்.

2022-ல ஜப்பானோட ஜே.எஸ்.பி.எஸ்.ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கெடச்சுது, அங்க சுகுபா நகரத்துல, 24 மாசம். மாசம் 3,62,000 யென், நம்ம காசுக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல. அந்த நேரம் அரசுக் கல்லூரியில கௌரவ விரிவுரையாளரா வாங்கிட்டிருந்தது 20,000, அதுவும் வருஷத்துக்கு 11 மாசம். அப்பாவுக்கு வாரம் மூணு டயாலிசிஸ். நான்தான் வண்டியில கூட்டிட்டுப் போகணும். வீட்டுல அவ ஆறு மாசம். முடியாதுன்னு ஒரே ராத்திரியில பதில் எழுதி அனுப்பிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. தியாகம்னு நெனப்பு வேற.

பிள்ளை பொறந்து எட்டு மாசம் கழிச்சு, ஆஸ்பத்திரி ஃபைல்ல எதையோ தேடும்போது அந்தக் கடிதத்தோட பிரிண்ட் அவ கையில கெடச்சுது. ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் சோறு போட்டுக்கிட்டே, "போகாதது உங்க இஷ்டம். எங்களாலதான் போகலன்னு நாளைக்கு ஒரு சண்டையில சொல்லிராதீங்க. ஏன்னா என்கிட்ட நீங்க கேக்கவே இல்ல"ன்னா. அவளோட அக்கா மகன் ஆட்டோ ஓட்டுறான். டயாலிசிஸுக்கு அவன் வந்திருப்பானாம். எனக்கு அது தோணவே இல்ல.

ஜப்பான் போகலங்கிற வருத்தம் மே மாசம் சம்பளம் நிக்கும்போது வரும், போயிரும். இது போகல.

கோயமுத்தூர்: சேலத்து அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு என்னோட சலாம்.

எங்க வீட்டுல போனது மனைவி, கூடவே போனவன் நான். அமெரிக்கா. அவங்களுக்கு ஆராய்ச்சிக்கு வர்றவங்களுக்கான ஜே-1 விசா, எனக்குத் துணையா வர்றவங்களுக்கான ஜே-2. இந்த விசாவுல துணைக்கும் வேலை அனுமதி கேக்கலாம். ஆனா அங்க போய்ச் சேந்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். நம்ம சம்பளம் ஜே-1 ஆளோட செலவுக்குன்னு காட்டவும் கூடாது. எனக்கு அந்த அனுமதி அட்டை வர அஞ்சு மாசம் ஆச்சு. அந்த அஞ்சு மாசமும் சமையல், துணி, பையனை டேகேர்ல விட்டுக் கூட்டிட்டு வர்றது எல்லாம் நான்தான். குளிர்ல மாவு பொங்காது. ஓவன் அடுப்புல லைட்டை மட்டும் போட்டு ராத்திரி உள்ள வெச்சுட்டா காலையில பொங்கி வழியும். அதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு இருந்த சந்தோஷம் எனக்கு என் சொந்த வேலையிலகூட வந்ததில்ல.

ஊருல மாமனார்கிட்ட "மாப்பிள்ளை என்ன பண்றார்"னு கேட்டா, "ஆன்லைன்ல"ன்னு சொல்லிட்டுப் பேச்சை மாத்திருவாராம். திரும்பி வந்து ஒரு வருஷம் ஆச்சு, இப்பவும் அதேதான் சொல்லிட்டிருக்கார்.