கலைச்சொல் உதவி: 'சாஃப்ட் ஸ்டோரி'

வணக்கம். நிலநடுக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அதில் 'சாஃப்ட் ஸ்டோரி' (soft storey; இங்கே ஸ்டோரி என்றால் மாடி) என்று ஒரு கட்டடக் குறை வருகிறது: கீழே வண்டி நிறுத்த வெறும் தூண்கள், மேலே எல்லா மாடியிலும் செங்கல் சுவர். சுவர்கள் இறுக்கிப் பிடிப்பதால் மேல்பகுதி ஒரே பெட்டியாக நகர, அசைவு முழுவதும் தரைத்தளத் தூண்களின் தலையிலும் அடியிலும் வந்து விழுகிறது. 2001 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் இந்த வகை நிறைய. இதற்கு 'மென்தளம்' சரியா? 'வீக் ஸ்டோரி' (weak storey) தனியாக வருகிறது, அதற்கும் சொல் வேண்டும்.

---

மென் + தோள் மென்றோள் ஆகும்போது மென் + தளம் மட்டும் எப்படி அப்படியே நிற்கும்? மென்றளம்தான். புணர்ச்சியைக் கைவிட்டுச் சொல்லாக்கம் செய்வது சொல்லாக்கமே இல்லை.

---

மென்றளம் என்றால் எதையோ மென்ற இடம் என்றுதான் படிப்பார்கள் ஐயா! அதைவிடப் பெரிய சிக்கல், கட்டட வேலையில் 'தளம் போடுவது' என்றால் கூரைக்குக் கான்கிரீட் போடுவது. மென்தளம் என்றால் கலவை சரியில்லை போல என்று கொத்தனார் நினைப்பார்.

---

தளத்தை விடுங்கள். கோபுரத்துக்கு ஏழு நிலை என்கிறோம், முல்லைப்பாட்டிலேயே 'எழுநிலை மாடம்' இருக்கிறது. மென்னிலை! புணர்ச்சியும் இடிக்கவில்லை. நிற்பது நிலை, நிலைப்பது நிலை, நிலமும் அந்த வேர்தான் என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம்...

---

நிலை என்றால் எங்கள் ஆட்களுக்குக் கதவு நிலை. அடுக்கு என்றே வைத்து, நெகிழடுக்கு எனலாமே? வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

---

பொறியாளனாகச் சொல்கிறேன், நெகிழ் வேண்டாம். உடையாமல் வளைந்து கொடுப்பதை நாங்கள் நல்ல குணமாகத் தேடுகிறோம், அதே சொல்லைக் குறைக்கு வைத்தால் மாணவர்கள் குழம்புவார்கள். நிலநடுக்கம் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 1893-இன் 2002 பதிப்பில், ஓர் அடுக்கின் பக்கவாட்டு விறைப்பு, அதாவது பக்கவாட்டில் தள்ளினால் அசைந்து கொடுக்காத தன்மை, மேல் அடுக்கினுடையதில் 70 விழுக்காட்டுக்கும் கீழே, அல்லது மேலுள்ள மூன்று அடுக்குகளின் சராசரியில் 80 விழுக்காட்டுக்கும் கீழே போனால் சாஃப்ட். 2016-இல் மேல் அடுக்கைவிடக் குறைந்தாலே போதும் என்றாக்கிவிட்டார்கள். வீக் என்பது விறைப்பே இல்லை, வலிமை, அதாவது எவ்வளவு விசையைத் தாங்கும் என்பது. ஒரே கட்டடத்தில் இரண்டும் சேர்ந்தும் வரும், ஒன்று மட்டும் வரவும் செய்யும். ஆகவே விறைப்புக்குறை அடுக்கு, வலுக்குறை அடுக்கு. அழகில்லை, ஆனால் பார்த்தவுடன் புரியும்.

---

விறைப்புக்குறை அடுக்கு என்று ஒரு பக்கத்தில் எட்டுத் தடவை எழுத வேண்டியிருக்கும், கை ஓயும். தளரடுக்கு, வலுக்குறை அடுக்கு என்று வைத்து, முதல் இடத்தில் மட்டும் விளக்கம் கொடுத்துவிடுங்கள்.

---

சரி, மூன்று பேர் தளரடுக்குக்கு ஒப்பியிருக்கிறீர்கள், அதையே போடுகிறேன். நன்றி.

---

எண்ணிக்கையில் புணர்ச்சி விதி மாறாது. மென்றளம்.

---

எனக்கும் ஒப்புதல் இல்லை. தளர்வது என்றால் முதலில் உறுதியாக இருந்து நாளாவட்டத்தில் விட்டுக்கொடுப்பது. இந்தக் கட்டடத்துக்கு வயதாகவே வேண்டியதில்லை, வரைபடத்திலேயே குறை இருக்கிறது. தளரடுக்கு என்று படித்த வீட்டுக்காரர் 'நம்முடையது புதுக் கட்டடம்தானே' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்.