வேற்றுமொழி ஒலியொப்பு: ஒரு கலைச்சொல் பரிந்துரை

உறவில்லாத பல மொழிகளில் ஒரே ஒலியோடு வந்து வேறுவேறு பொருள் தரும் சொல்லுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? ‘பன்மொழி ஒருசொல்’ என்ற பெயர் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேண்டாம் என்பேன். நம் இலக்கணத்தில் ‘மொழி’ என்றால் சொல்லும்தான். ஓரெழுத்து ஒருமொழி, ஒருபொருட்பன்மொழி என்று படித்தவர்கள் ‘பன்மொழி’யைப் பல சொற்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘பலபொருள் ஒருசொல்’லும் சரிவராது. நதியையும் எண்ணையும் குறிக்கும் ‘ஆறு’ போல, அது ஒரே மொழிக்குள் நடக்கும் சங்கதி.

‘ஒருசொல்’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ‘மா’வையே பாருங்கள். நமக்கு அது மரம், மாவு, விலங்கு, பெரிய என்ற அடை. ஜப்பானியத்தில் இடைவெளி. இத்தாலியத்தில் ‘ஆனால்’. ஹங்கேரியத்தில் ‘இன்று’, எழுத்து இத்தாலியத்தில் உள்ளதேதான், ஆனால் உயிரொலியை உதடு குவித்துச் சொல்வார்கள். தாய்லாந்து மொழியில் சுரம், அதாவது குரலின் ஏற்ற இறக்கம், மாற மாற வா, நாய், குதிரை. சீனத்தில் சுரத்தைப் பொறுத்து அம்மா, சணல், குதிரை, திட்டு. குதிரை இரண்டிலும் வருகிறதே, அது தற்செயல்தானா என்று தனியாக ஆராய வேண்டும். ஆக, இவை ஒரு சொல் அல்ல, ஒத்து ஒலிக்கும் பல சொற்கள். ‘மா’ என்பது உதடு மூடித் திறந்தாலே வந்துவிடும் ஒலி. கிட்டத்தட்ட எல்லா மொழியிலும் உண்டு. சொல் குறுகக் குறுக இப்படித் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பும் கூடும்.

அதனால் ‘வேற்றுமொழி ஒலியொப்பு’ என்று வைக்கலாம். ‘மயங்கொலிச் சொல்’ ஏற்கெனவே அரம்–அறம் வகைக்குப் போய்விட்டது.

இரு மொழிகளில் ஒன்றுபோல் தோன்றி வேறு பொருள் தரும் சொற்களுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் ‘பொய் நண்பர்கள்’ என்பதை அப்படியே தமிழாக்குவது இங்கே பொருந்தாது. அதில் ஒரே வேரிலிருந்து வந்து பொருள் பிரிந்தவையும் அடங்கும். ‘சம்சாரம்’ தமிழில் மனைவி, மலையாளத்தில் பேச்சு, இந்தியில் சன்சார் என்றால் உலகம். மூன்றும் சமற்கிருதத்திலிருந்து போனவை, தற்செயல் ஒன்றுமில்லை. இவற்றைப் பொருள்திரிபு என்ற தலைப்பில் சேர்ப்பதே முறை.

அப்புறம், ஒலிபெயர்ப்பால் வரும் ஒற்றுமையைத் தனியே பிரிக்க வேண்டும். முடியைக் குறிக்கும் இந்திச் சொல்லை நாம் ‘பால்’ என்றுதான் எழுதுகிறோம். நம் பாலில் வல்லொலி, அவர்களுடையதில் ஆங்கில b போன்ற பகரம். காதுக்கு இரண்டும் வேறு, கண்ணுக்கு ஒன்று. இதற்கு ‘எழுத்தொப்பு’ என்ற பெயர் போதும்.