மூன்று சர்வர்களுக்குப் பொதுவான ஜி.எஃப்.எஸ்.2: பேக்கப் முடிந்த காலையில் மட்டும் ஏன் இந்த மந்தம்?

பாலாற்றங்கரை (ராணிப்பேட்டை) கேட்டது:

வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் சர்வர்களைக் கவனித்துக்கொள்கிறேன். தரம் பிரிக்கும் மேசையில் ஒவ்வொரு தோலையும் படம் எடுத்து, தரக் குறிப்பு அடங்கிய சிறிய உரைக் கோப்பு ஒன்றையும் அதனுடன் சேமிக்கிறோம். மறுதரம் பார்க்கும்போது அந்தக் குறிப்புக் கோப்பு திருத்தப்படும். மூன்று லினக்ஸ் சர்வர்கள், நெட்வொர்க் வழியாக இணைந்த ஒரே பொதுச் சேமிப்பகத்தை (சான்), பல சர்வர்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடிய ஜி.எஃப்.எஸ்.2 கோப்பு முறைமை வழியாகப் பகிர்ந்துகொள்கின்றன. எல்லாம் ஒரே கோப்பகத்தில் உள்ளன. இப்போது ஆறு லட்சம் கோப்புகளைத் தாண்டிவிட்டது.

இரவு 1 மணிக்கு மூன்றாவது சர்வரில் கோப்புகளைத் தொகுக்கும் டார் கட்டளை மூலம் பேக்கப் தொடங்கி, 4 மணிக்கெல்லாம் முடிந்துவிடுகிறது. ஆனால் காலை 8.30-க்கு ஷிப்ட் தொடங்கியதும், முதல் இரண்டு சர்வர்களில் ஒரு குறிப்பைத் திருத்திச் சேமிக்கவே மூன்று நான்கு விநாடிகள் பிடிக்கின்றன. பத்தரை மணிவாக்கில் தானாகவே சரியாகிவிடுகிறது. அந்த நேரத்தில் சி.பி.யு., டிஸ்க், நெட்வொர்க் எதிலும் சுமை இல்லை. நினைவகம் போதவில்லையோ என்று 64 ஜி.பி.யை 128 ஆக்கினேன். மந்தம் முன்னைவிட நீண்டுவிட்டது. சேமிப்பகத்தையே மாற்றச் சொல்கிறார் விற்பனைப் பிரதிநிதி. கோப்பு முறைமையை மவுன்ட் செய்யும்போது (சர்வரில் இணைக்கும்போது) பூட்டு முறையை 'லாக் நோலாக்' என்று மாற்றினால் வேகம் வரும் என்கிறார் உடன் பணிபுரிபவர். எதைச் செய்வது?

கோட்டை அகழி (வேலூர்) எழுதியது:

ஐயா, முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: 'லாக் நோலாக்' பக்கமே போகாதீர்கள். ஒரே ஒரு சர்வர் மட்டும் அந்தக் கோப்பு முறைமையைப் பயன்படுத்தும்போதுதான் அது செல்லும். மூன்று சர்வர்கள் அப்படி மவுன்ட் செய்து எழுதினால், ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமல் மேலெழுதி, கோப்பு முறைமையே சிதைந்துவிடும்.

சேமிப்பகத்தின் மேலும் குற்றம் இல்லை. இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஜி.எஃப்.எஸ்.2-இல் ஒரு சர்வர் தன் நினைவகத்தில் கேச் செய்து (தற்காலிக நகலாக) வைத்திருக்கும் இனோடு தகவல் (ஒரு கோப்பின் அளவு, நேரம், இருப்பிடம் போன்ற விவரங்கள்), அதற்குரிய ஜிலாக் என்னும் பூட்டு அதன் கையில் இருக்கும் வரைதான் செல்லும். படிப்பதற்குப் பகிர்வுப் பூட்டு போதும். அதை மூன்று சர்வர்களும் ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம். எழுதுவதற்குத் தனிப்பூட்டு வேண்டும். அப்போது மற்ற இருவரும் தங்களிடம் உள்ளதை விட்டாக வேண்டும். வேலை முடிந்ததும் பூட்டை உடனே திருப்பித் தருவதில்லை என்பதுதான் இதில் முக்கியம். மறுபடியும் தேவைப்படலாம் என்று சர்வர் அதைக் கையிலேயே வைத்துக்கொள்ளும். வேறொருவர் கேட்டாலோ நினைவகத்தில் நெருக்கடி வந்தாலோதான் விடும்.

உங்கள் தோல் கிடங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பு ஏடு ஒன்றுதான் இருக்கிறது. கணக்கர்கள் மூவர், வேண்டிய பக்கத்தை ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். ஒருவர் ஒரு பக்கத்தைத் திருத்த வேண்டுமானால், மற்ற இருவரும் அந்தப் பக்கத்துக்கான சீட்டில் எழுதி ஏட்டில் ஏற்றாததை ஏற்றிவிட்டு, சீட்டைக் கிழித்துப் போட்ட பிறகே அவர் பேனாவை எடுக்கலாம். உங்கள் மூன்றாவது சர்வர் இரவோடு இரவாக ஆறு லட்சம் சீட்டுகளை எழுதி மடியில் கட்டிக்கொள்கிறது. காலையில் முதல் இரண்டு சர்வர்கள் ஒவ்வொரு குறிப்பைத் திருத்தும்போதும் அதனிடம் கேட்டு, அது விட்ட பிறகே எழுத வேண்டியிருக்கிறது. நினைவகத்தைக் கூட்டியதால் சீட்டுகளை இன்னும் அதிக நேரம் வைத்திருக்க அதற்கு இடம் கிடைத்தது. மந்தம் நீண்டதற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. பூட்டுகளை நிர்வகிக்கும் டி.எல்.எம்.-இல், ஒரு பூட்டை முதலில் கேட்கும் சர்வரே அதற்குத் தலைமை ஏற்கும். பகலில் யாரும் தொடாத பழைய கோப்புகளுக்கெல்லாம் இரவில் பேக்கப் ஓடும் சர்வரே தலைமை ஆகிவிடுகிறது. பிறகு மற்றவர்கள் அந்தப் பூட்டுகளுக்காக நெட்வொர்க் வழியாக அதனிடம்தான் போக வேண்டும். அடுத்தது, டார் ஒவ்வொரு கோப்பையும் திறந்து படிப்பதால் கடைசியாகப் படித்த நேரம் மாறுகிறது. லினக்ஸின் இயல்பான 'ரிலேடைம்' அமைப்பு பெரும்பாலான நேரமாற்றங்களைத் தவிர்த்தாலும், பழைய நேரம் 24 மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் புதிதாக எழுதத்தான் செய்யும். ஆகவே வெறுமனே படிப்பதாக நாம் நினைக்கும் பேக்கப், எழுதும் வேலையாகி, தனிப்பூட்டையும் கேட்கிறது.

மூன்று சர்வர்களிலும், படித்த நேரத்தைப் பதியாத 'நோஏடைம்' அமைப்பைக் கொடுத்து மவுன்ட் செய்யுங்கள். பேக்கப் ஸ்கிரிப்ட்டின் முடிவில், அந்த மூன்றாவது சர்வரில் மட்டும், நினைவகத்தில் நிற்பதை டிஸ்க்கில் எழுதிவிடும் சிங்க் கட்டளையை முதலில் கொடுத்து, பிறகு புராக் கோப்பகத்தின் கீழ் 'டிராப் கேச்சஸ்' கோப்பில் 3 என்று எழுதச் சொல்லுங்கள். இனோடு கேச் காலியாகும்போது அதனுடன் பூட்டுகளும் விடப்படும்.

குடியாத்தம் தறி எழுதியது:

மேலே சொன்னதை மாற்றுவதற்கு முன் உறுதி செய்துகொள்வது நல்லது. லினக்ஸின் உள்நிலையைக் காட்டும் டிபக்எஃப்எஸ்-ஐ மவுன்ட் செய்தால், ஜி.எஃப்.எஸ்.2 கோப்பகத்தில் 'ஜிலாக்ஸ்' என்றொரு கோப்பு தெரியும். மந்தமான நேரத்தில் மூன்று சர்வர்களிலும் அதை வேறு டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். 'ஜி' என்று தொடங்கும் வரி ஒரு பூட்டைக் குறிக்கும். அதன் கீழ் 'எச்' என்று தொடங்கும் வரியின் கொடிகளில் 'டபிள்யூ' இருந்தால், அந்தக் கோரிக்கை இன்னும் காத்திருக்கிறது என்று பொருள். பூட்டின் வகை எண் 2 என்றால் இனோடு, 3 என்றால் இடம் ஒதுக்கும் ரிசோர்ஸ் குரூப். பூட்டில் தெரியும் இனோடு எண்ணை வைத்துக் கோப்பைத் தேட ஃபைண்ட் கட்டளையை அதே நேரத்தில் ஓட்டிவிடாதீர்கள். அது எல்லா இனோடுகளையும் தொட்டு நெரிசலைக் கூட்டும். மதியம் தேடிக்கொள்ளலாம்.

யாராவது அந்தக் கோப்பகத்தில் 'எல்எஸ்' கட்டளையை நீளப் பட்டியலாகவோ வண்ணத்துடனோ ஓட்டுகிறார்களா என்றும் பாருங்கள். அது பெயர்களுடன் நில்லாமல் ஒவ்வொரு கோப்பின் நிலையையும் கேட்கும்; ஆறு லட்சம் கோப்புகளுக்கு ஆறு லட்சம் பூட்டுகள்.

பாலாற்றங்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. திங்கள் காலை 9 மணிக்கு எடுத்த நகலில், முதல் சர்வரில் காத்திருந்த கோரிக்கைகள் பெரும்பாலும் வகை 2 ஆகவே இருந்தன; அதே எண்களை மூன்றாவது சர்வர் பகிர்வுப் பூட்டாக வைத்திருந்தது. அன்றிரவே 'நோஏடைம்' கொடுத்து, ஸ்கிரிப்ட்டின் முடிவில் இரண்டு வரிகளைச் சேர்த்தேன். மூன்று நாள்களாகக் காலையில் குறிப்புகள் உடனே சேமிக்கப்படுகின்றன. ஆனால் ஒரே ஒரு பூட்டில் மட்டும் மூன்று சர்வர்களும் நாள் முழுவதும் மாறி மாறிக் காத்திருக்கின்றன. தேடிப் பார்த்தால் அது அந்தப் பொதுக் கோப்பகமேதான்.

கோட்டை அகழி எழுதியது:

எதிர்பார்த்ததுதான். புதிய கோப்பை உருவாக்கும் ஒவ்வொரு முறையும் கோப்பகத்தின் இனோடுக்கே தனிப்பூட்டு வேண்டும். மூன்று சர்வர்களின் மேசைகளும் ஒரே கோப்பகத்தில் உருவாக்கினால் அந்தப் பூட்டு பந்துபோல் கைமாறும். ஒவ்வொரு முறையும் ஜர்னலை (மாற்றங்களின் பதிவேட்டை) எழுதி, கேச்சைக் கழித்து, அடுத்தவரிடம் தர வேண்டும். இதற்கு எந்த அமைப்பும் மருந்தில்லை. வேலையைப் பிரிப்பதே வழி. மேசை எண், அதன் கீழ் தேதி என்று கோப்பகங்களை அமைத்து, ஒரு மேசை எப்போதும் ஒரே சர்வருடன் பேசும்படி செய்யுங்கள். மறுதரம் பார்க்கும் மேசையும், முதலில் அந்தத் தோலைப் பதிந்த சர்வர் வழியாகவே குறிப்பைத் திருத்தட்டும். பேக்கப்பையும் மூன்றாகப் பிரித்து, அந்தந்தக் கோப்பகத்தை அந்தந்தச் சர்வரே எடுத்தால், பூட்டுகள் ஏற்கெனவே இருக்கும் இடத்திலேயே வேலை முடியும்; அதன்பின் 'டிராப் கேச்சஸ்' வரியும் தேவைப்படாது. பழைய ஆறு லட்சம் கோப்புகளை ஞாயிற்றுக்கிழமை, ஒரே சர்வரிலிருந்து நகர்த்துங்கள்.