நிலநடுக்கத்துக்குப் பிறகு சிறு மெஷின் ஷாப்பை மறுபடி ஓட்டுவது: எது முதலில்?

கடைசல்காரன்:
20 பேர் வேலை பார்க்கும் ஒரு மெஷினிங் யூனிட்டுக்கு மீட்புத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கட்டடம் விழவில்லை, ஆனால் லேத், மில்லிங் எல்லாம் இடம் நகர்ந்துவிட்டன, கரன்ட் இல்லை, அந்தப் பகுதிக்குள் யாரையும் விடவில்லை என்று வைத்துக்கொள்வோம். இன்ஷூரன்ஸ் உண்டு. எதை முதலில் தொட வேண்டும்? பணம் எங்கே மாட்டிக்கொள்ளும்? தேடினால் கிடைப்பதெல்லாம் "தயாராக இருங்கள்" ரகம்தான்.

மெகர்:
முதலில் கட்டடம். சோதித்தவர்கள் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மேலோட்டமாகப் பார்த்ததில் உடனடி ஆபத்து கண்ணில் படவில்லை, அவ்வளவுதான் அதன் பொருள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2010 செப்டம்பர் நடுக்கத்துக்குப் பிறகு பச்சை வாங்கிய சிடிவி கட்டடம் 2011 பிப்ரவரி 22 அன்று வந்த அடுத்த நடுக்கத்தில் இடிந்து 115 பேர் இறந்தார்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தூண்-பீம் சேரும் இடங்களைப் பார்க்காமல் ஆளை உள்ளே அனுப்ப வேண்டாம்.

அடுத்து கரன்ட். அது போன நேரத்தை விட, திரும்பி வரும் நேரம்தான் மோசம். 1995இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு சப்ளை திரும்பக் கொடுத்ததும் சாய்ந்து கிடந்த ஹீட்டராலும் நசுங்கிய வயராலும் பல இடங்களில் தீப்பிடித்தது. கேஸ் வாடை இருந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்துவிட வேண்டும். வாடை இல்லை என்றால் மெயினை இறக்கி, பூட்டுப் போட்டு, 'போடாதே' என்று டேக் மாட்டிவிட்டுத்தான் மற்ற வேலை.

ஒவ்வொரு மோட்டாரையும் 500 வோல்ட் மெகரில் (வயரின் மின்காப்பைச் சோதிக்கும் கருவி) பாருங்கள். டிரைவை (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) கழற்றிவிட்டுத்தான் மெகர் போட வேண்டும், இல்லாவிட்டால் டிரைவ் போய்விடும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் காய வைக்காமல் ஓட்டாதீர்கள். தொட்டியிலிருந்து தெறித்த கூலன்ட் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) பேனலுக்குள் போயிருக்கிறதா என்றும் திறந்து பாருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

லேத்தை இழுத்துப் பழைய இடத்தில் வைத்ததும் ஓட்ட ஆசை வரும். வேண்டாம். மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் லெவலை பெட்டின் (லேத்தின் அடித்தண்டவாளப் பகுதி) நீளவாக்கிலும் குறுக்கிலும் வையுங்கள். பெட் முறுக்கியிருந்தால் கடைசல் டேப்பராக, அதாவது ஒரு பக்கம் பெருத்து மறு பக்கம் சிறுத்து வரும். மறுமுனையில் டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல் ஒரு ராடை சக்கில் பிடித்து, சுமார் 200 மி.மீ. இடைவெளியில் இரண்டு காலர் (வளையப் பட்டை) லேசாகக் கடைந்து, இரண்டின் விட்டமும் ஒன்றா என்று மைக்ரோமீட்டரில் அளந்தால் அரை மணியில் தெரிந்துவிடும். விழுந்த மைக்ரோமீட்டர், கேஜ் எதையும் காலிபரேஷனுக்கு அனுப்பாமல் நம்பாதீர்கள். மெஷின் சரியாக ஓடியும் சரக்கு திரும்பி வரும்.

பாலிசி_வரிக்கு_வரி:
பணம் மாட்டும் இடங்களைச் சொல்கிறேன். பாலிசிக்குப் பாலிசி மாறும் என்பதால் உங்களுடையதை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

தொழில் நிறுத்த இழப்பீடு கிடைக்க, பெரும்பாலும் உங்கள் சொத்துக்குச் சேதம் ஆகியிருக்க வேண்டும். கட்டடம் நன்றாக இருந்து, தெருவை அடைத்ததால் மட்டும் வேலை நின்றால், "அணுக முடியாமை" என்ற கூடுதல் பிரிவு இருந்தால்தான் பைசா வரும். அதற்கும் சில வாரங்கள் என்று உச்சவரம்பு வைத்திருப்பார்கள். கிறைஸ்ட்சர்ச் நகர மையத்தின் அடைப்பு சிறிது சிறிதாகச் சுருங்கி, முழுதாக நீங்கியது 2013 ஜூன் முடிவில். இரண்டு வருடத்துக்கு மேல்! ஈட்டுக்காலம் (இழப்பீடு கணக்கிடும் அதிகபட்சக் காலம்) 12 மாதம் என்று இருந்தால் 24 ஆக்க முடியுமா என்று இப்போதே கேளுங்கள்.

நிலநடுக்கத்துக்குக் கழிவுத்தொகை (நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) பல பாலிசிகளில் இழப்பின் சதவீதம் அல்ல, காப்பீட்டுத் தொகையின் சதவீதம். 100க்கு காப்பீடு, கழிவு 5 சதவீதம், சேதம் 8 என்றால் கையில் வருவது 3. குறைத்துக் காப்பீடு செய்திருந்தால் இன்னொரு வெட்டு: மதிப்பு 100, காப்பீடு 60, சேதம் 30 என்றால் 18தான், அதிலிருந்தும் கழிவு.

இன்னொன்று. 72 மணி நேரத்துக்குள் வரும் அதிர்வுகள் ஒரே நிகழ்வு, அதற்குப் பின் வருவது தனி நிகழ்வு என்று பிரிப்பது வழக்கம். தனி நிகழ்வு என்றால் தனிக் கழிவு. எந்த விரிசல் எப்போது வந்தது என்று நிரூபிக்க, விரிசல் முடியும் இடத்தில் பேனாவால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதி, ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். அடுத்த அதிர்வில் கோட்டைத் தாண்டியிருந்தால் மறுபடி கோடு, மறுபடி படம்.

இன்ஷூரன்ஸ் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும் முன் எதையும் குப்பையில் போடாதீர்கள். ஆனால் ஒழுகும் கூரைக்குத் தார்ப்பாய் போடுவது உங்கள் கடமை, அந்த பில்லையும் சேர்த்துக் கொடுங்கள். இழப்பீட்டில் முன்பணம் தானாக வராது, எழுத்தில் கேட்க வேண்டும். கடந்த 12 மாதத்தின் மாதவாரிக் கணக்கு வெளியூர் சர்வரில் இருந்தால் கேட்பது சுலபம்.

கடைசல்காரன்:
நன்றி சார். லேத்தை ஓட்டுவதற்குள் ஆர்டர் வேறு பக்கம் போய்விட்டால்?

சரக்கு_நகர்வு:
அதுதான் நிஜமான நஷ்டம். கோபே துறைமுகம் 1995 நடுக்கத்துக்கு முன் கன்டெய்னரில் உலகின் 6வது இடத்தில் இருந்தது. 1997 மார்ச்சுக்குள் கட்டி முடித்துவிட்டார்கள். ஆனால் தென்கொரியாவின் பூசானுக்கும் மற்ற துறைமுகங்களுக்கும் போன மாற்றுக் கப்பல் சரக்கு (ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சரக்கு) திரும்பவில்லை.

வாடிக்கையாளர் காத்திருப்பது வேறு ஆள் இல்லாதபோதுதான். 2007 ஜூலை நடுக்கத்தில் ஜப்பானின் காஷிவசாக்கியில் ரிக்கென் பிஸ்டன் ரிங் ஆலை நின்றதும் ஜப்பானியக் கார் கம்பெனிகளே ஆட்களை அனுப்பி, ஒரு வாரத்தில் உற்பத்தியைத் தொடங்க வைத்தன. 20 பேர் யூனிட்டுக்கு யாரும் ஆள் அனுப்ப மாட்டார்கள். ஆகவே இரண்டு நாளுக்குள் போன் போட்டு ஒரு தேதி சொல்லுங்கள். வேறு ஊர் யூனிட்டோடு முன்கூட்டியே எழுதி வைத்த ஒப்பந்தப்படி ஜிக் (பாகத்தைப் பிடித்து வைக்கும் அச்சு), டிராயிங், சிஎன்சி புரோகிராம் நகலை அங்கே ஓட விடுங்கள். விலைப்பட்டியல் உங்கள் பெயரில், அவர்களுக்குக் கூலி மட்டும். அந்த யூனிட் உங்கள் வாடிக்கையாளரிடம் நேராகப் பேசக் கூடாது என்ற ஷரத்தை மறக்காதீர்கள்.

மானியம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு பழைய அளவிலேயே கட்ட வேண்டாம் என்பேன். 2011 நிலநடுக்கம், சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் குழுவாக விண்ணப்பித்த சிறு நிறுவனங்களுக்கு மறுசீரமைப்புச் செலவில் முக்கால் பங்கு வரை அரசு கொடுத்தது. கால் பங்கு கடன், பழைய கடன் வேறு. மெஷின் வந்தும் பல கடலுணவு ஆலைகள் பழைய விற்பனையை எட்டவில்லை.

மெகர்:
ஒன்று விட்டுப்போனது. ஃபவுண்டேஷன் போல்ட்டை அவசரப்பட்டு கிரவுட் செய்யாதீர்கள் (சிமென்ட் கலவை ஊற்றி இறுக்காதீர்கள்). அதிர்வு அடங்கும் வரை லெவலிங் பேடில் வைத்து, மெஷின் நடந்து போகாதபடி பக்கவாட்டு ஸ்டாப்பர் மட்டும் போதும். உடம்புக்குத் தெரியும் அளவு அதிர்வு வந்த ஒவ்வொரு தடவையும் லெவல், பிறகு இரண்டு காலர்.