டிரான்சிட் விசா: ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். வழியில் வேறொரு நாட்டில் விமானம் மாறுவதற்கு வாங்கும் ‘டிரான்சிட் விசா’வுக்குத் தமிழில் ‘இடைத்தங்கல் இசைவு’ என்று சொல்லலாம் என மும்பை நண்பர் நம் குழுமத்தில் எழுதி நான்கு நாளாகிறது. பலரும் சரி சொல்லிவிட்டீர்கள். எனக்குத் தயக்கம் இருக்கிறது. சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு வேறு பொருள்களை ஒரே பெயருக்குள் திணிக்கிறோம். அந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள்.

போன மாதம் நடந்தது இது. பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் டப்ளினில் இருக்கும் மகனைப் பார்க்கக் கிளம்பினார். அயர்லாந்து விசா கையில் இருந்தது. டிக்கெட் பெங்களூர், பிராங்பர்ட், ஆம்ஸ்டர்டாம், டப்ளின் என்று போட்டிருந்தது. “நடுவில் இரண்டு ஊர் வருகிறதே, அங்கே விசா வேண்டாமா?” என்று டிக்கெட் போட்டுக்கொடுத்தவரிடம் நானே கேட்டேன். “வெறும் டிரான்சிட்தானே சார், வெளியே போனால்தான் விசா” என்றார். நானும் பெரியம்மாவிடம் அதையே சொன்னேன். நள்ளிரவில் தேவனஹள்ளி விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில், செக்-இன் கவுண்டரில், ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) எங்கே என்று கேட்டார்கள். ஒரு மணி நேரம் மன்றாடியும் பயனில்லை. பேரனுக்குக் கட்டிய முறுக்கோடும் பருப்புப்பொடியோடும் திரும்பினோம். “நான்தான் வெளியே போகவே மாட்டேனே” என்று ஹெப்பாள் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

கவுண்டரில் இருந்த பெண் மேல் எனக்குக் கோபமில்லை. எந்தப் பயணத்துக்கு என்ன ஆவணம் வேண்டும் என்று காட்டும் டைமாட்டிக் என்ற தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் அவர்கள் ஏற்றுகிறார்கள். தகுந்த ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனத்துக்கு அபராதம். பிரிட்டனில் அது ஒரு பயணிக்கு 2,000 பவுண்டு. அந்தத் திரை சொன்னது சரி. பெரியம்மாவுக்கு நாங்கள் சொன்ன ‘வெளியே’ என்ற சொல்தான் தவறு.

பயணி நினைக்கும் ‘வெளியே’ வேறு, சட்டத்தின் ‘வெளியே’ வேறு. கண்ணாடிக் கதவைத் தாண்டித் தெருவுக்கு வருவதைப் பயணி நினைக்கிறார். சட்டத்துக்குக் கோடு, குடிவரவு மேசை. (இமிகிரேஷனுக்கு இலங்கையார் ‘குடிவரவு’ என்பார்கள், சிங்கப்பூரில் ‘குடிநுழைவு’. எனக்கு முதலாவது பிடிக்கும், அதையே எழுதுகிறேன்.) இறங்கி, மேசைப் பக்கம் போகாமல் அடுத்த விமானத்துக்கு நடந்தால் அந்த நாட்டுக்குள் நாம் நுழையவில்லை. மேசையைத் தாண்டிவிட்டால், கட்டடத்தை விட்டு ஒரு அடி வெளியே வைக்காவிட்டாலும் நுழைந்துவிட்டோம்.

ஷெங்கன் நாடுகள் 29. பிராங்பர்ட் இருக்கும் ஜெர்மனியும் ஆம்ஸ்டர்டாம் இருக்கும் நெதர்லாந்தும் அவற்றில் உண்டு, அயர்லாந்து இல்லை. அவற்றுக்குள் விமானம் ஏறுவது பெங்களூரிலிருந்து சென்னைக்குப் போகிற மாதிரி உள்நாட்டுக் கணக்கு. பிராங்பர்ட்டிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் போகவேண்டுமானால் பிராங்பர்ட்டிலேயே குடிவரவு மேசையைத் தாண்டியாகவேண்டும். பிராங்பர்ட்டிலிருந்து நேராக டப்ளின் என்றிருந்தால் அந்த அயர்லாந்து விசாவே போதும், மேசைப் பக்கம் போகும் வேலையே இல்லை. ஒரு ஊர் கூடியதில் விசாவின் வகையே மாறிவிட்டது. ‘டிரான்சிட்’ என்ற சொல்லில் இதற்கு எந்தத் தடயமும் இல்லை. ‘இடைத்தங்கல்’ என்பதிலும் இல்லை.

அரசுகளே இதைப் பிரித்துத்தான் வைத்திருக்கின்றன. ஷெங்கனில் ‘ஏ’ வகை விமான நிலையத்துக்குள் மட்டும். உள்ளே வர ‘சி’ வகை. பிரிட்டனில் மேசையைத் தாண்டாமல் விமானம் மாறுகிறவருக்கு ஒரு விசா. மேசையைத் தாண்டி 48 மணி நேரத்துக்குள் கிளம்புகிறவருக்கு வேறொன்று. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர், செல்லுபடியாகும் அமெரிக்க அல்லது கனடா விசா போன்ற விலக்கு ஏதும் இல்லையென்றால், அங்கே முதல் வகையைக்கூட முன்னதாக வாங்கித்தான் ஆகவேண்டும்.

இப்போது ‘நுழைவிசைவு’ என்ற சொல்லைப் பாருங்கள். விசாவுக்கு நல்ல தமிழ்தான். ஆனால் ‘ஏ’ வகை விசா நுழைய விடுவதே இல்லை. நுழையாதே, இங்கேயே இருந்துவிட்டுப் போ என்பதற்குத் தரும் தாள் அது. அதை நுழைவிசைவு என்றால் சொல்லே பொய் சொல்லும். இந்த ஒரு காரணத்துக்காகவே ‘விசா’வை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

‘இடைத்தங்கல்’ பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். ஈழத்து உறவுகளுக்கு அந்தச் சொல்லின் பின்னால், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த ‘முகாம்’ ஒட்டிக்கொண்டே வரும். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் எந்த ஷெங்கன் விமான நிலையத்தில் விமானம் மாறினாலும், விலக்கு இல்லையென்றால், ‘ஏ’ வகை விசா கேட்பார்கள். பொதுப் பட்டியலிலேயே இலங்கை இருக்கிறது. அதிகம் பயன்படுத்தப்போகிறவர்களிடம் முகாமின் பெயரை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. ‘இடைநிற்றல்’ பள்ளிப் படிப்பை விட்ட பிள்ளைகளுக்கு ஆகிவிட்டது. ‘சத்திர விசா’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சத்திரத்தைத்தான் சவுல்ட்ரி என்கிறார்கள், பெங்களூரில் சவுல்ட்ரி என்றால் கல்யாண மண்டபம்.

நான் வைக்கும் சொல் ‘திண்ணை விசா’. வழிப்போக்கர் திண்ணையில் உட்காருவார், படுப்பார், எழுந்து போவார். நிலைப்படியைத் தாண்டி வீட்டுக்குள் வரமாட்டார். மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் பகுதியைத் ‘திண்ணைப் பகுதி’ என்றால் விளக்கமே வேண்டாம். சில வீடுகளில் திண்ணையில் உட்காரவும் கேட்கவேண்டும். அந்த அனுமதிதான் திண்ணை விசா. அமெரிக்கா திண்ணை இல்லாத வீடு. பெங்களூரிலிருந்து மெக்சிகோ போகிறவர் ஹூஸ்டனில் விமானம் மாறினாலும் குடிவரவு மேசைக்குத்தான் போகவேண்டும். அமெரிக்க விசா எதுவும் இல்லாதவர் ‘சி-1’ என்ற டிரான்சிட் விசா வாங்கவேண்டும். ஷெங்கன் ஒரு கூட்டுக்குடும்ப வீடு. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகிறவர் திண்ணையை விட்டு எழுந்து உள்ளே வந்தாயிற்று.

உள்ளே வந்து ஓரிரு நாளில் கிளம்புவதற்கு ‘வழித்தங்கல் விசா’. ஐக்கிய அரபு அமீரகம் 48 மணி, 96 மணி என்று தருவது இந்த வகை. ஒருவர் ‘படிதாண்டு விசா’ என்று எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். படி தாண்டுவதை வைத்துப் பெண்களை என்னவெல்லாம் பேசியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். பெரியம்மா கையில் அந்தப் பெயரில் ஒரு தாளைக் கொடுக்க முடியாது.

நேற்று இதை முதலில் சொன்னபோது தில்லித் தோழி எழுப்பிய கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. திண்ணையில் யார் உட்காரலாம் என்பதைச் சாதி பார்த்துத்தான் ஊர் முடிவுசெய்தது, அதை இனிய சொல்லாக எடுத்து வராதீர்கள் என்கிறார். உண்மை. திண்ணை என்றதும் எனக்கு மோரும் நிழலும் நினைவுக்கு வருகிறது என்றால், நான் பிறந்த வீடு அப்படி. ஆனால் தோழி, இந்த விசாவும் இனிய பொருள் இல்லை. ஒரே பெஞ்சில் மூன்று மணி நேரம் காத்திருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு எதுவும் வேண்டாம், அடுத்தவருக்கு முன்கூட்டியே விசா. இருவருக்கும் வித்தியாசம் கடவுச்சீட்டின் அட்டை மட்டும். உட்காரக்கூட ஆள் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்தே அந்தச் சொல் சொல்கிறது என்று நினைக்கிறேன். அப்படியும் உறுத்துகிறது என்றால் ‘நிலைய விசா’வுக்கு நான் சம்மதம். அது கொஞ்சம் மங்கலான சொல். ஆனாலும் இரண்டும் பிரிந்து நிற்கவேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

தனித்தனியாக எடுத்த டிக்கெட்டுகள் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். முதல் விமானம் பெட்டியைக் கடைசி ஊர்வரை அனுப்பாவிட்டால், பெட்டி குடிவரவு மேசைக்கு அந்தப் பக்கம்தான் வரும். அப்புறம் திண்ணை விசா உதவாது. இதற்குத் தனிச் சொல் தேவையில்லை, துண்டறிக்கையில் ஒரு வரி போதும்.

அல்சூர்ப் பெரியவர்களுக்காக நாங்கள் அச்சடிக்கும் அந்தத் துண்டறிக்கையில் இப்படி வைத்திருக்கிறேன்:

“நடுவில் எத்தனை ஊர்? அவற்றில் இரண்டு ஷெங்கன் ஊர்களா? பெட்டி கடைசி ஊர்வரை போகிறதா? எந்த ஊரிலாவது குடிவரவு மேசையைத் தாண்டவேண்டுமா? தாண்டவேண்டாம் என்றால், உங்கள் கடவுச்சீட்டுக்குத் திண்ணை விசா தேவையா என்று பாருங்கள். தாண்டவேண்டும் என்றால், அந்த நாட்டின் வழித்தங்கல் விசாவோ முழு விசாவோ வேண்டும். டிக்கெட் எடுக்கும் முன் அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்திலும் விமான நிறுவனத்திடமும் கேளுங்கள்.”

நேற்று மாலை இதைப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். “அப்போ அந்த ஆம்ஸ்டர்டாம்தான் என்னை உள்ளே இழுத்துடுச்சு” என்றார். மகன் இப்போது பிராங்பர்ட் வழி மட்டும் போகும் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுக்கவேண்டும். திண்ணையா, நிலையமா என்று அதற்குள் எழுதுங்கள். ‘வழித்தங்கல்’ இலங்கையில் வேறு பொருளில் வழங்குகிறதா என்பதை அங்கிருப்பவர்கள் யாராவது சொன்னால் மிகவும் உதவும்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து